பீச் ரிசார்ட் புக் பண்றதுக்கு முன்னாடி கடலைப் பாருங்க: வட சென்னைல இருந்து அந்தமான் போய் தங்கிட்டு வர முழு வழிகாட்டி

எங்க வீடு காலடிப்பேட்டை பக்கம். கடல் நடந்து போற தூரம்தான், ஆனா காசிமேட்டைத் தாண்டினா எண்ணூர் வரைக்கும் பாதி இடத்துல அரிப்புக்காக கல்லு கொட்டி வச்சிருக்காங்க, பசங்க கால் நனைக்கணும்னாகூட பாறை மேல ஏறி எறங்கணும். அதனால வீட்டுல ரொம்ப நாளா ஒரே நச்சரிப்பு, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கற கடலுக்கு கூட்டினு போம்மான்னு. அப்படித்தான் அந்தமான் போனோம். அம்மா, வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, நான்னு அஞ்சு பேர். இதுவரைக்கும் ரெண்டு தடவை போய் வந்தாச்சு.

மொத தடவை ஹேவ்லாக் தீவுல ‘பீச் ஃப்ரண்ட்’னு போட்டிருந்த காட்டேஜை ஆறு மாசம் முன்னாடியே பெரிய காசு கட்டி புக் பண்ணோம். மத்தியானம் போய் சேர்ந்தோம், சாப்ட்டோம், மூணு மணி போல பசங்க மிதவையை மாட்டிக்கினு வாசலுக்கு ஓடினாங்க, அங்க கடலே இல்ல. ரொம்ப தூரத்துக்கு பாறையும் செத்த பவளமும் சேறுமா கிடக்குது, தண்ணி எங்கியோ ஒரு கோடு மாதிரி தெரியுது. சின்னவன் அழுதுட்டான். ரிசெப்ஷன்ல கேட்டா “சாயங்காலத்துக்கு மேல தண்ணி வந்துடும் மேடம்”னாங்க, சாயங்காலம் இருட்டிடுச்சு. ஊருக்கு வந்து எங்க தெருவுல போட்டுக்கு போற ஒரு அண்ணன் கிட்ட சொன்னேன். “இன்னாம்மா, அமாவாசைக்கு மறுநாள் போயிருக்க, ஏத்தம் வத்தம் பாக்காமலா ரூம் போட்ட”ன்னு கேட்டாரு. ஏத்தம்னா கடல் தண்ணி கரைக்கு ஏறி வர்றது, வத்தம்னா பின்னாடி இறங்கிப் போறது. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை வச்சுத்தான் ரெண்டாவது பயணத்தை மொத்தமா மாத்தி போட்டோம். மொதல்ல கடல், அப்புறம் படகு, கடைசியாத்தான் ரூம். கீழ எழுதினது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும், புக் பண்றது அந்த வரிசைலதான்.

1. தேதி எடுக்கறது

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா நவம்பர், டிசம்பர்ல நம்ம நியூஸ்ல தினம் கேக்கறோமே, அந்தமான் கடல்ல காற்றழுத்த தாழ்வு பகுதின்னு, அந்த சமயத்துல நமக்கு மழை வர்றதுக்கு முன்னாடி அங்க காத்து அடிச்சு படகை நிறுத்திடுவாங்க. மே கடைசில இருந்து தென்மேற்கு பருவமழை. என்னைக் கேட்டா ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் பொன்னான நேரம், கடல் அமைதியா இருக்கும், தண்ணியும் தெளிவா இருக்கும், கிறிஸ்துமஸ் நியூ இயர் கூட்டமும் விலையும் இறங்கி இருக்கும். பசங்க பள்ளிக்கூடம்தான் தொல்லை. நாங்க ரெண்டாவது தடவை ஜனவரி கடைசில குடியரசு தினத்தோட ஒட்டி லீவு சேத்து எடுத்தோம்.

மாசம் முடிவானதும் வீட்டு தினசரி காலண்டரைப் பாருங்க. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டின ரெண்டு மூணு நாள் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும். அஷ்டமிய ஒட்டின நாட்கள்ல ஏத்தமும் வத்தமும் மிதமா இருக்கும். நம்ம சென்னைக் கடல்ல இது பெருசா தெரியாது, அதிகமா போனா ஒரு மீட்டர் வித்தியாசம்தான். போர்ட் பிளேர் பக்கம் ரெண்டு மீட்டர் வரைக்கும் வரும். மட்டமான கரைல ரெண்டு மீட்டர் எறங்கினா தண்ணி எவ்ளோ தூரம் பின்னாடி போவும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு நாள்ல ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம், ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் சுமார் ஆறு மணி நேரம், தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். போன்ல இந்த ஏத்த வத்த நேரம் காட்டற டைட் டேபிள் ஆப் நிறைய இருக்கு, போர்ட் பிளேர்னு போட்டா நீங்க தங்கற ஒவ்வொரு நாளுக்கும் மணி வந்துடும். அதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பயணம் முழுக்க அந்தப் பேப்பர்தான் பேசும்.

2. ஃப்ளைட்டா கப்பலா

சென்னைல இருந்து ஃப்ளைட் ரெண்டே கால் மணி நேரம் போல. பெரும்பாலான ஃப்ளைட் காலைல இருந்து மத்தியானத்துக்குள்ளதான். விடிகாலை அஞ்சு மணி ஃப்ளைட் விலை கம்மியா இருக்குன்னு எடுத்துடாதீங்க. நம்ம ஏரியால இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு கெளம்பணும், துறைமுகத்துக்கு போற கன்டெய்னர் லாரி வரிசைல மாட்டினா அவ்ளோதான். நமக்கு பெரிய வசதி 2021 பிப்ரவரில வந்த மெட்ரோ நீட்டிப்பு, விம்கோ நகர், திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டைன்னு எங்க ஏறினாலும் ப்ளூ லைன்ல வண்டி மாறாம நேரா ஏர்போர்ட். முதல் வண்டி காலைல அஞ்சு மணி வாக்குல, ஏர்போர்ட் போய் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால எட்டு மணிக்கு அப்புறம் கெளம்பற ஃப்ளைட்டா பாத்து எடுத்தா டாக்ஸி காசு மிச்சம், தூக்கமும் மிச்சம்.

டிக்கெட்ல பேர் பாத்து குழம்பாதீங்க. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பர்ல இருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். ஒரு வெப்சைட்ல பழைய பேர், இன்னொன்னுல புதுப் பேர் இருக்கும், ரெண்டும் ஒரே இடம்தான்.

கப்பலைப் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்க, ஏன்னா அது நம்ம வாசல்ல இருக்கற துறைமுகத்துல இருந்தே கெளம்புது. அந்தமான் நிர்வாகம் ஓட்டற பயணிகள் கப்பல், போய்ச் சேர சுமார் மூணு நாள், கடல் மோசமா இருந்தா இன்னும் கூட ஆகும். பங்க் வகுப்புல இருந்து டீலக்ஸ் கேபின் வரைக்கும் இருக்கு. மாசத்துக்கு சில தடவைதான் ஓடும், தேதி முன்கூட்டியே நிச்சயமா இருக்காது. ஒரு வாரம் லீவு போட்டு ரிசார்ட் புக் பண்ணி போறவங்களுக்கு இது ஒத்து வராது. ரெண்டு மூணு வாரம் கையில இருக்கறவங்க போறப்ப கப்பல், வர்றப்ப ஃப்ளைட்னு வச்சுக்கலாம். ரிசார்ட்டை மட்டும் கப்பல் போய் சேர்ந்த மறுநாள்ல இருந்து போடுங்க, அதே நாள்ல போடாதீங்க.

இந்தியர்களுக்கு போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூணுக்கும் தனி பெர்மிட் தேவையில்ல. போட்டோ இருக்கற ஐடி ஒரிஜினல் எடுத்துக்கோங்க, பசங்களோடதையும்தான்.

3. எந்தத் தீவுல எத்தனை ராத்திரி

ஆறு ராத்திரி இருந்தா போர்ட் பிளேர் 1, ஹேவ்லாக் 3, நீல் 1, திரும்ப போர்ட் பிளேர் 1. முக்கோணமா சுத்துங்க, அதாவது போர்ட் பிளேர்ல இருந்து ஹேவ்லாக், அங்க இருந்து நேரா நீல், நீல்ல இருந்து போர்ட் பிளேர். ஹேவ்லாக் போய்ட்டு போர்ட் பிளேர் திரும்பி மறுபடி நீல் போனா ஒரு நாள் முழுக்க படகுலயே போகும்.

கடைசி ராத்திரி போர்ட் பிளேர்ல கட்டாயம் இருக்கணும். காலைல ஹேவ்லாக்ல படகு ஏறி மத்தியானம் ஃப்ளைட் பிடிச்சுடலாம்னு டிராவல்ஸ்காரங்க பிளான் போட்டுக் குடுப்பாங்க. மொத தடவை எங்களுக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தாங்க, காத்து அதிகம்னு காலைப் படகை நிறுத்திட்டாங்க, அஞ்சு டிக்கெட்டும் போச்சு, புது டிக்கெட் அன்னிக்கு விலைக்கு எடுத்தோம். ரிசார்ட்டுக்கு குடுத்த காசை விட அது அதிகம். ஒரு ராத்திரி சாதாரண லாட்ஜ்ல தங்கற செலவு அதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

4. எந்த பீச்ல ரிசார்ட்

இந்த இடத்துல அவசரமே படாதீங்க. ஹேவ்லாக்ல பீச்சுக்கு நம்பர் வச்சு கூப்பிடுவாங்க. படகு வந்து நிக்கற ஜெட்டி ஒன்னாம் நம்பர் பக்கம், கோவிந்த் நகர் மூணு, விஜய் நகர் அஞ்சு, ராதாநகர் ஏழு.

மூணும் அஞ்சும் கிழக்கு பாத்த கரை. நம்ம கடல் மாதிரியே சூரியன் கடல்ல இருந்து உதிக்கும். ரிசார்ட்ல முக்கால்வாசி இங்கதான் வரிசையா இருக்கு, ஸ்கூபா கடைங்க, ஹோட்டல், மார்க்கெட் எல்லாம் பக்கம். தென்னை, பெரிய மரங்க, பச்சையும் நீலமுமா தண்ணி, போட்டோல அள்ளும். ஆனா ஆழமில்லாத கரை, அடில பாறையும் பவளமும். ஏத்தத்துல இடுப்பளவு தண்ணி அழகா நிக்கும், வத்தத்துல நான் மேல சொன்ன கதைதான். ரிசார்ட் வெப்சைட்ல இருக்கற ஒவ்வொரு போட்டோவும் ஏத்தத்துல எடுத்தது, அதை மனசுல வச்சுக்கோங்க.

ராதாநகர் மேற்கு பாத்த கரை. வெள்ளை மணல், நீளமா, அடில பாறை இல்லாம சரிவா இறங்கும், வத்தத்துலகூட குளிக்கலாம், சூரியன் கடல்ல விழறதைப் பாக்கலாம். 2004-ல டைம் பத்திரிகை ஆசியாவுலயே சிறந்த கடற்கரைன்னு எழுதினது இதைத்தான், 2020-ல சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்கு குடுக்கற ப்ளூ ஃப்ளாக் சான்றிதழும் கெடச்சுது. ஆனா அங்க ரிசார்ட் கொஞ்சம்தான், விலை ரொம்ப ஜாஸ்தி, ஜெட்டில இருந்து 12 கிலோமீட்டர் போல உள்ள, சாயங்காலத்துக்கு மேல வெளிய சாப்பிட கடைங்களும் குறைவு.

அப்ப என்ன பண்றது? வயசானவங்க, பசங்க இருக்கற குடும்பம்னா மூணு இல்ல அஞ்சுல நடுத்தர ரிசார்ட் எடுத்துக்கினு, குளிக்கறதுக்கு தினம் மத்தியானம் ராதாநகர் போறதுதான் சரி. காலைல உங்க பேப்பர்ல ஏத்தம் எப்பன்னு பாத்து வாசல்லயே பசங்கள இறக்கலாம். இப்படி முடிவு பண்ணிட்டா ‘பீச் ஃப்ரண்ட்’ காட்டேஜுக்கு டபுள் காசு குடுக்கவே தேவையில்ல, அதே ரிசார்ட்ல தோட்டம் பாத்த ரூம் போதும், கடல் ஐம்பது அடி தள்ளி, அவ்ளோதான். நாங்க மிச்சம் பண்ண பெரிய காசு இதுலதான். கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரா போறவங்க, கடல்லயே கிடக்கணும்னு ஆசைப்படறவங்க, கையில காசு இருந்தா ராதாநகர் பக்கம் ஒரு ராத்திரியாவது போடுங்க, காலைல ஆறு மணிக்கு டூரிஸ்ட் பஸ் எதுவும் வர்றதுக்கு முன்னாடி அந்த மணல்ல நடக்கறதுக்கு நிகரே இல்ல.

வத்தம்னா கெட்டதுன்னு நினைச்சுடாதீங்க. நீல் தீவுல இயற்கையா அமைஞ்ச கல் பாலம் ஒன்னு இருக்கு, அங்க வத்தத்துல போனாத்தான் பக்கத்துல நடந்து போக முடியும், பாறைக் குழிகள்ல தேங்கின தண்ணில சின்ன மீனு, நண்டு, கடல் அட்டைன்னு பசங்க ரெண்டு மணி நேரம் நகரவே இல்ல. அதே தீவுல பரத்பூர் பீச் ஜெட்டிக்கு பக்கத்துலயே, அங்க ஏத்தத்துல போங்க.

5. ரிசார்ட்டுக்கு போன் போட்டு கேக்க வேண்டியது

ஆன்லைன்ல விலை பாருங்க, ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணுங்க. அங்க வேலை செய்யறவங்க பெரும்பாலும் பெங்காலி, ஹிந்தி பேசுவாங்க, தமிழ் ஆளுங்களும் இருப்பாங்க, “தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்களா”ன்னு தயங்காம கேளுங்க.

‘சீ வியூ’ன்னா ஜன்னல்ல எட்டிப் பாத்தா கடல் தெரியும், அவ்ளோதான். ‘சீ ஃபேசிங்’னா கடல் பாத்த ரூம். ‘பீச் ஃப்ரண்ட்’னா நடுவுல ரோடு இல்லாம கரை. இதை ஒவ்வொருத்தரும் இஷ்டத்துக்கு போடறாங்க, அதனால மேப்ல சாட்டிலைட் படம் திறந்து வச்சுக்கினு ரூம் எந்தக் கட்டடம், நடுவுல ரோடு போகுதான்னு கேளுங்க. கரண்ட் போனா ஏசி ஓடுமா, ஃபேன் மட்டும்தானான்னு கேளுங்க, தீவுல கரண்ட் போறது சாதாரணம். வெந்நீர் எந்நேரமும் வருமா, ஜெட்டிக்கு வண்டி அனுப்புவாங்களா, அம்மா மாதிரி முட்டி வலி இருக்கறவங்களுக்கு தரை தளம் கிடைக்குமா, எத்தனை படி. செக்-அவுட் நேரம் ரொம்ப முக்கியம், சில இடத்துல காலைல எட்டு ஒன்பது மணிக்கே காலி பண்ண சொல்வாங்க, உங்க படகு மத்தியானம்னா பையை வச்சுக்கினு குளிக்க இடம் தருவாங்களான்னு அப்பவே பேசிடுங்க.

விலைக்கு பக்கத்துல இபி, சிபி, எம்ஏபி, ஏபின்னு போட்டிருப்பாங்க. இபின்னா ரூம் மட்டும். சிபின்னா காலை டிபன் சேத்து. எம்ஏபின்னா டிபனும் ஒரு வேளை சாப்பாடும். ஏபின்னா மூணு வேளையும். ஹேவ்லாக்ல வெளிய நல்ல சாப்பாடு கிடைக்கும், சிபி எடுத்தா போதும். ஜிஎஸ்டி சேத்த விலையா சேக்காத விலையான்னு கேளுங்க, ஒரு ராத்திரி ரூம் 7,500 ரூபாயைத் தாண்டினா வரி 18 சதவீதம், அந்தக் கோட்டுக்கு கீழ இருக்கற ரூமுக்கு வரி ரொம்ப கம்மி, அதனால 7,600 ரூபாய் ரூமும் 7,400 ரூபாய் ரூமும் பில்லுல ரொம்ப தூரம்.

ரிவ்யூ படிக்கறப்ப அஞ்சு ஸ்டாரை விட்டுடுங்க. ரெண்டு மூணு ஸ்டார் குடுத்தவங்க எழுதினதை, அதுவும் நீங்க போற அதே மாசத்துல போனவங்க எழுதினதைப் படிங்க. ஈரம், பூஞ்சை வாடை, மணல் பூச்சி, இது மூணும் திரும்பத் திரும்ப வந்தா அடுத்த ரிசார்ட்டுக்கு போங்க.

6. படகு

அரசு ஃபெர்ரி, தனியார் ஃபெர்ரின்னு ரெண்டு. அரசு ஃபெர்ரி விலை ரொம்ப கம்மி, ஹேவ்லாக்குக்கு ரெண்டரை மணி நேரம் போல, மேல் தட்டுல நின்னுக்கினு காத்து வாங்கிட்டு போகலாம், ஆனா சீசன்ல டிக்கெட் கிடைக்கறது கஷ்டம். தனியார்ல மக்ருஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் எல்லாம் இருக்கு, படகைப் பொறுத்து ஒன்றரைல இருந்து ரெண்டரை மணி நேரத்துல போய்டும், ஏசி, சீட் நம்பர் எல்லாம் உண்டு. ஃப்ளைட் டிக்கெட் எடுத்த கையோட படகு எடுங்க, ரூம் அதுக்கு அப்புறம். ரூம் எப்பவும் ஏதோ ஒன்னு கிடைக்கும், சீசன்ல படகு சீட்டு கிடைக்காம போகும்.

போர்ட் பிளேர்ல இறங்கற அன்னிக்கே படகு ஏறணும்னா ஃப்ளைட் இறங்கற நேரத்துக்கும் படகுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் விடுங்க. ஏர்போர்ட்ல இருந்து ஜெட்டி கிட்டதான், ஆனா பை வர்றது, ஃப்ளைட் லேட், படகுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றதுன்னு சேத்துப் பாத்தா அது தேவை. எந்த ஜெட்டின்னு டிக்கெட்ல பாருங்க, அரசு படகு ஃபீனிக்ஸ் பே, தனியார் படகு பல நேரம் ஹட்டோ பக்கம்.

குமட்டல் வர்றவங்க நடு வரிசை, கீழ் தட்டு கேளுங்க. வயிறு முட்ட சாப்பிட்டும் ஏறாதீங்க, காலி வயித்தோடயும் ஏறாதீங்க, ரெண்டு இட்லி போதும். மாத்திரைய டாக்டர் கிட்ட கேட்டு ஏறறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போடணும், குமட்ட ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பிரயோஜனமில்ல. ஏசி ஹால்ல குளிரும், அம்மாங்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

7. தீவுக்குள்ள சுத்தறது

ஜெட்டில எறங்கினதும் ஆட்டோ, ஜீப் நிக்கும், ஸ்கூட்டி வாடகைக் கடைங்க மார்க்கெட்ல நிறைய. ரெண்டு பேருன்னா ஸ்கூட்டிதான் சுகம். லைசென்ஸ் ஒரிஜினல் வேணும். சாவி வாங்கறதுக்கு முன்னாடி வண்டிய நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கோங்க, கீறல், உடைஞ்ச கண்ணாடி, பெட்ரோல் முள்ளு எல்லாம் சேத்து, கடைக்காரர் முன்னாடியே எடுங்க. பிரேக் ரெண்டும் அழுத்திப் பாருங்க. ஹெல்மெட் ரெண்டு வாங்குங்க. பெட்ரோல் நம்மூர் மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்காது, மார்க்கெட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி போட்டுடுங்க. குடும்பமா போனா நாள் கணக்குல ஆட்டோ பேசிக்கோங்க, எத்தனை இடம், எவ்ளோ நேரம் காத்திருப்பார்னு முதல்லயே பேசுங்க. அரசு பஸ் ஜெட்டிக்கும் ராதாநகருக்கும் ஓடுது, விலை கம்மி, நேரம் மட்டும் டிரைவர் கிட்டயே கேட்டு வச்சுக்கோங்க.

நேரத்துல ஏமாந்துடாதீங்க. அந்தமான் நம்மூர்ல இருந்து ரொம்ப கிழக்க இருக்கு, கடிகாரம் மட்டும் நம்ம நேரமே. அதனால அங்க சூரியன் நம்மூரை விட முக்கால் மணி நேரத்துக்கு மேல முன்னாடி வந்து முன்னாடியே போய்டும். டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு சூரியன் இறங்கிடும், அஞ்சரைக்கு இருட்டு. ராதாநகர்ல சன்செட் பாத்துட்டு திரும்பற ரோடு காடு நடுவுல, விளக்கு கிடையாது, மாடு படுத்திருக்கும். மெதுவா வாங்க, பசங்கள வச்சுக்கினு ஸ்கூட்டில அந்த நேரத்துல வராதீங்க, ஆட்டோ சொல்லி வைங்க. நாங்க தினம் காலைல அஞ்சு மணிக்கே எழுந்துட்டோம், ராத்திரி எட்டரைக்கு தூங்கிட்டோம், அந்த ஊருக்கு அதுதான் ஒத்துப் போகுது.

நீல் தீவு சின்னது, சைக்கிள்லயே சுத்திடலாம்.

8. தண்ணில இறங்கறப்ப

இதைப் படிச்சுட்டு யாரும் பயந்து போகக் கூடாது, ஆனா தெரிஞ்சுக்கணும். அந்தமான்ல உப்புத் தண்ணி முதலை இருக்கு. 2010-ல ராதாநகர் பக்கத்துல கடல்ல இருந்த ஒரு சுற்றுலா பயணிய முதலை பிடிச்சு உயிர் போச்சு. அதனால லைஃப்கார்ட் இருக்கற, கொடி நட்ட இடத்துல மட்டும் குளிங்க. ஓடை வந்து கடல்ல சேர்ற இடம், அலையாத்தி மரம் இருக்கற இடம், எச்சரிக்கை போர்டு இருக்கற இடம், பக்கத்துலயே போகாதீங்க. இருட்டினா தண்ணில கால் வைக்க வேணாம். லைஃப்கார்ட் விசில் அடிச்சா “அஞ்சு நிமிஷம் ண்ணா”ன்னு கெஞ்சாம உடனே வெளிய வாங்க.

கடல் ஆளை உள்ள இழுக்கற இழுப்பு மெரினாவுல எப்படின்னு நமக்குத் தெரியும். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தி களைச்சுப் போகாதீங்க, கரைக்கு பக்கவாட்டுல நீந்தி இழுப்புல இருந்து விலகுங்க, அப்புறம் கரைக்கு வாங்க. பசங்களுக்கு இதை ரூம்லயே சொல்லிக் குடுங்க.

மூணு, அஞ்சு நம்பர் பீச்ல வெறும் கால்ல இறங்காதீங்க, பவளம் கிழிச்சா காயம் ஆற வாரக்கணக்குல ஆகும், ரப்பர் ஷூ ஒரு ஜோடி வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்லயே வாங்கிடலாம். முழுக்கை டி-ஷர்ட் போட்டுக்கினே குளிங்க, வெயிலுக்கு அதுதான் நல்ல பாதுகாப்பு. மணல் பூச்சி கடி காலைலயும் சாயங்காலமும் ஜாஸ்தி, கால்ல தேங்காயெண்ணெய் தடவிக்கோங்க, கடிச்சா சொறியவே சொறியாதீங்க, சொறிஞ்சா புண்ணாகி ஒரு வாரம் நிக்கும்.

ஸ்கூபா பண்ற ஆசை இருந்தா ஹேவ்லாக்ல மொத முழு நாள்லயே பண்ணிடுங்க. நீச்சல் தெரியாதவங்களும் பயிற்சியாளர் கூடவே இருந்து 12 மீட்டர் ஆழத்துக்குள்ள கூட்டிட்டுப் போற ட்ரை டைவ் பண்ணலாம், 10 வயசுக்கு மேல இருக்கணும். ஆஸ்துமா, இதயம், காது பிரச்சனை இருக்கறவங்க மறைக்காம ஃபார்ம்ல எழுதுங்க. டைவ் பண்ண அப்புறம் உடனே ஃப்ளைட் ஏறக் கூடாது, உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் உயரத்துல குமிழியா மாறி உயிருக்கே ஆபத்து. ஒரு டைவுக்கு 12 மணி நேரம், நிறைய டைவ்னா 18 மணி நேரம் இடைவெளின்னு சொல்றாங்க, நீங்க முழுசா ஒரு நாள் விட்டுடுங்க. தண்ணிக்குள்ள பயமா இருக்கறவங்களுக்கு எலிஃபன்ட் பீச்ல ஸ்நார்கெல், அதாவது கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கினு மேல மிதந்தபடியே பாக்கறது போதும், அதுக்கு ஜெட்டில இருந்து படகு போகுது.

சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் பைல போடாதீங்க, பசங்க பாக்கெட்டையும் பாருங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல பவளமும் பல வகை சங்கும் பாதுகாக்கப்பட்டது, ஏர்போர்ட்ல ஸ்கேன்ல பிடிப்பாங்க. பரதாங் தீவுக்கு போற ரோடு ஜாரவா பழங்குடி மக்கள் வாழற காடு வழியா போகுது, அங்க வண்டி நிறுத்தறதும் போட்டோ எடுக்கறதும் குற்றம். நாங்க அந்த வழியே போகல. அவங்க வீட்டு நடுவுல டூரிஸ்ட்டா போறது எனக்கு சரின்னு படல.

9. காசு, போன், சாப்பாடு

2020 ஆகஸ்ட்ல சென்னைல இருந்து கடலுக்கடில சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு அந்தமானுக்கு இன்டர்நெட் குடுத்தாங்க, அதுக்கு அப்புறம் நிலைமை ரொம்ப நல்லா ஆயிடுச்சு. இருந்தாலும் ரிசார்ட் உள்ள, காட்டு ரோட்ல சிக்னல் போய்டும். படகு டிக்கெட், ரூம் பில், டைட் பேப்பர் எல்லாம் பிரின்ட் எடுத்துக்கோங்க. ஏடிஎம் ஹேவ்லாக்ல கொஞ்சம்தான், சீசன்ல காலியாயிடும். யூபிஐ நிறைய இடத்துல நடக்குது, ஆனா ஆட்டோவுக்கும் சின்னக் கடைக்கும் ரொக்கம் போர்ட் பிளேர்லயே எடுத்துடுங்க.

சாப்பாட்டுல நம்மளை யாரும் ஏமாத்த முடியாது, காசிமேட்டு ஆளுங்க நாம. ஹேவ்லாக்ல குடியிருக்கற குடும்பங்க நிறைய பேர் பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்துல இருந்து வந்து குடியேறினவங்க, அதனால கடுகு அரைச்சு வைக்கற மீன் குழம்பு அங்க விசேஷம், மார்க்கெட்ல சின்ன மெஸ்ல மீன் சாப்பாடு சாப்பிடுங்க, ரிசார்ட் ரெஸ்டாரன்ட்டை விட ருசி, விலை பாதி. சங்கரா, சூரை, சீலா, சிங்கி இறா எல்லாம் எடை போட்டு விக்கறாங்க. சமைக்கறதுக்கு முன்னாடி மீனைக் காட்ட சொல்லுங்க, செவுளைத் தூக்கிப் பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கணும், எடையும் மொத்த விலையும் அப்பவே பேசிடுங்க. அம்மாவுக்கு ரெண்டாவது நாளே இட்லி ஏக்கம் வந்துடுச்சு. போர்ட் பிளேர்ல தமிழ் ஆளுங்க ஏராளம், தமிழ் ஹோட்டலும் இருக்கு, வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கு, முதல் நாள் அங்க கும்பிட்டுட்டுத்தான் படகே ஏறினாங்க.

10. திரும்பி வர்றது

கடைசி நாள் போர்ட் பிளேர் வந்ததும் ஈரத்துணிய ரூம் ஃபேன்ல காய வைங்க, இல்லன்னா பையோட எடை கூடி ஏர்போர்ட்ல காசு கட்டணும். செல்லுலார் ஜெயிலுக்கு அந்த சாயங்காலத்த வச்சுக்கோங்க, கடல்ல விளையாடணும்ங்கற மனசோட முதல் நாள் போறத விட இப்ப போறது பசங்களுக்கும் நல்லா புரியுது, சுவர்ல இருக்கற பேரெல்லாம் பெரியவன் நின்னு படிச்சான்.

சென்னைல இறங்கினதும் டாக்ஸிக்காரங்க கூப்பிடுவாங்க, நிக்காம மெட்ரோவுக்கு நடங்க. விம்கோ நகர்னு போர்டு போட்ட வண்டியா பாத்து ஏறுங்க, முதல் ஸ்டேஷன்ங்கறதால அஞ்சு பேருக்கும் சீட்டு கிடைக்கும், பசங்க தூங்கிட்டே வருவாங்க, காலடிப்பேட்டை வந்ததும் எழுப்பிக்கலாம்.